எண்ணப்பட்ட காற்று

புதன்கிழமை. ரெம்ஷைடில் வழக்கமான மழை.
ஹென்னிங் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தான்.
உள்ளே, நீலப் பூச்சு மின்னும்
உள்ளங்கை அளவு அலுமினியம்.
“புளோ-ஆஃப் வால்வு” என்றான்,
பிறந்த குழந்தைக்குப் பெயர் சொல்லும் குரலில்.

அவனுக்கு வேண்டியது ஒரு சத்தம்.
மிதியிலிருந்து காலை எடுத்ததும்
பானெட்டுக்குள்ளிருந்து ‘ப்ஷ்ஷ்’ என்று கிளம்ப வேண்டும்.
பெட்ரோல் நிலையத்தில் நிற்பவர்கள் திரும்ப வேண்டும்.
முடிந்தால் மாமனார் வீட்டுத் தெருவிலும்.

சொன்னேன்:
உன்னுடையது சூப்பர்சார்ஜர்.
எஞ்சின் சுற்றும்வரை பெல்ட் அதைச் சுற்றும்,
போதும் என்றாலும் காதில் விழாது.
நீ காலை எடுக்கிறாய், திராட்டில் கதவு சாத்திக்கொள்கிறது,
திணித்து அனுப்பிய காற்று அதில் முட்டித் திரும்பி
தள்ளிவிட்டவன் மேலேயே விழுகிறது.
அதற்குத்தான் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான், பார்,
எண்ணெய் அப்பிய கறுப்பு பிளாஸ்டிக்,
பென்சில் தடிமனில் ஒரு குழாய்.
பைபாஸ் வால்வு.
முட்டிய காற்றைத் தோளில் கைபோட்டு அழைத்துப்போய்
மறுபடி வரிசையில் நிறுத்துவான்.
நீ சும்மா ஊரும்போதெல்லாம் வாயைத் திறந்தே வைத்திருப்பான்,
ஆனால் ஒரு சத்தம் வராது.

“அதுதானே குறை” என்றான்.

குறை கணக்கில் வரும் என்றேன்.
முன்வாசலில் சூடேறிய ஒரு மெல்லிய கம்பி
உள்ளே போகும் காற்றைத் தலை எண்ணுகிறது.
எண்ணியபடி இலை விழும், பெட்ரோல் பரிமாறப்படும்.
எண்ணிய காற்றை நீ தெருவில் விட்டால்
எழுந்துபோன விருந்தாளியின் இலையில் சோறு குவியும்.
(அவனிடம் தட்டு என்றுதான் சொன்னேன்.
நினைத்தது இலை.)
புகையும். இருமும். சிக்னலில் அணையும்.
போதாததற்கு, டியூஃப் பரிசோதகருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

சிரித்தான். காசு என்னுடையது என்றான்.
அதற்குமேல் மெக்கானிக்குக்கு வாய் இல்லை.
நாற்பது நிமிடம், இரண்டு கிளாம்ப்,
பழைய வழிக்கு ஒரு ரப்பர் மூடி.

முதல் தடவை அது சீறியபோது,
உள்ளதைச் சொன்னால்,
எனக்கும் பிடித்திருந்தது.

அன்று மாலை முதலாளி க்ரோன்பெர்க்
நான் மூன்று நாள் படுத்துக் கிடந்து பிடித்த கியர்பாக்ஸ் கோளாறைத்
தான் பிடித்ததாக யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.
“எங்கள் ஆபியும் கொஞ்சம் உதவினாள்.”
அபிதாரணி என்று பதினோரு வருடத்தில் ஒருநாளும் வாயில் வந்ததில்லை.
நான் மூச்சுக் காட்டவில்லை.
ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கினேன்.
பதின்மூன்று கிடைக்கவில்லை.
எப்போதும் பதின்மூன்றுதான் கிடைக்காது.

சனிக்கிழமை ஹென்னிங் இழுவை வண்டியில் வந்தான்.
ரயில் நிலையச் சரிவில், சிவப்பு விளக்கில், அணைந்துவிட்டதாம்,
பின்னால் ஒரு பேருந்து,
பேருந்து நிறைய பள்ளிக்கூடப் பிள்ளைகள்.
பிளக் நான்கும் கரி.
“வராத விருந்தாளி” என்றான் அவனாகவே.
நான் தலையாட்டினேன், அவ்வளவுதான்.

கறுப்பு பிளாஸ்டிக்கைத் திரும்ப மாட்டினேன்.
கார் பூனைபோல் வெளியே போயிற்று.
அவன் முகத்தில் பாதி நிம்மதி, பாதி துக்கம்.
நீல வால்வை மறந்துபோனானா, விட்டுப்போனானா,
கேட்டு நான் அழைக்கவில்லை.

ஷட்டரை இறக்கிய பிறகு
அதை இடுக்கியில் கட்டினேன்.
கம்ப்ரெஸர் ஹோஸைச் செருகி, முள் ஏறுவதைப் பார்த்தேன்.
ஸ்பிரிங் தாங்கியது.
தாங்கியது.
பிறகு விட்டது.

தகரக் கூரை முழுக்க அதுதான்.
மேல்மாடியில் யாரோ தரையைத் தட்டினார்கள்.
எந்தக் கம்பியும் எண்ணாத காற்று.
கரண்ட் பில் மட்டும் க்ரோன்பெர்க்குடையது.

இன்னொரு தடவை ஏற்றினேன்.