பதினொன்றாம் குழி

பதினெட்டுப் பொட்டலம் வாங்கினேன்.
செக்காலை ரோட்டில் ஐந்து, புதுவயலில் நான்கு,
தேவகோட்டையில் எட்டு,
கானாடுகாத்தானில் ஒன்று.
எல்லாவற்றுக்கும் ஒரே பேர்: சம்பா கோதுமை.
சர்க்கரைக்கு நல்லது என்றார்கள்
எல்லாக் கடையிலும், நான் கேட்காமலே.
காதர் மைதீன் மட்டும் தராசைப் பார்த்தபடி,
"குணமெல்லாம் தெரியாது ஆச்சி.
உமி உரிய அடம்பிடிக்கும். அதுதான் தெரியும்."

எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று கேட்காமல்
எங்களில் பெண் கொடுப்பதில்லை.
மார்க்கர் கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான்.
ரொட்டிக் கோதுமைக்கு மூன்று வீட்டுச் சொத்து: ஏ, பி, டி.
சம்பாவுக்கு இரண்டு வீடு.
டி அதற்கு வந்து சேரவே இல்லை.

முளைத்த இலையை அரைத்து
வடித்து
குளிர்ந்த ஆல்கஹால் ஊற்றினால்
ஈர நூல் மாதிரி எழும்பும்.
அதற்குள் மின்சாரம் போனது.
பாண்டிமீனாள் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
மாடிப்படியில் ஓடினாள், செருப்பில்லாமல்.

இரவு எட்டரைக்கு ஜெல்லை விளக்கின் மேல் வைத்தேன்.
டி இருந்தால் கோடு ஒளிரும்.
ஒளிர்ந்தது, ஒளிர்ந்தது, ஒளிர்ந்தது.
பதினொன்றாம் குழிக்குக் கீழே
ஒன்றுமில்லை.

சந்தோஷப்பட முடியவில்லை.
இல்லாமை சாட்சியா,
இல்லை என் கைப்பிசகா?
மறுநாள் ஏ-வுக்கான மார்க்கரைப் போட்டேன்.
பதினொன்றில் பளிச்சென்று ஒரு கோடு.
ஆள் இருக்கிறது. டி தான் இல்லை.

வரைபடத்தில் பதினேழு புள்ளிகள்
பந்தியில் இடம்பிடித்த பங்காளிகள் மாதிரி
ஒன்றன்மேல் ஒன்று.
வலது ஓரத்தில், தள்ளி, பதினொன்று.

போன மாதம் கோயில் கணக்கில்
என் பேருக்கு நேரே
அரைப்புள்ளி என்று எழுதியிருந்தார்கள்.
சாத்தப்பன் போய் இரண்டு வருஷம்.
வரியும் பாதிதான்.
நான் ரசீதை மடித்துப் பையில் வைத்தேன்,
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

புள்ளியின் அளவு என்ன என்று
மென்பொருள் கேட்டது.
பதினெட்டுக்கும் ஒரே அளவு கொடுத்தேன்.

திங்கட்கிழமை கானாடுகாத்தான் போனால்
மூட்டை தீர்ந்திருந்தது.
"எங்கேயிருந்து வந்தது?"
"லாரியில."
சாக்கை உதறிக் காட்டினார்.
ஏழு மணி விழுந்தன.
மூன்றில் உமி இருந்தது.