ஆட்கள்: இரண்டு

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.
தஞ்சாவூர் வெயிலுக்கு அந்த ஊரில் பயந்த
ஒரே ஜீவன் எங்கள் கணினி.
எண்பத்தாறில் கல்லூரியில் குளிர்சாதன அறைகள் இரண்டு.
மற்றது முதல்வருடையது; அது பழுது.

காமிராவுக்குக் கேட்ட பணம் வரவில்லை.
நைனா முகம்மது ஒரு மெமரி சில்லின் மூடியை
பிளேடால் நெம்பித் திறந்தான்.
வெளிச்சம் பட்டால் மறந்துபோகும் சில்லு.
எந்தக் கட்டம் எவ்வளவு சீக்கிரம் மறக்கிறதோ
அந்த இடம் அவ்வளவு வெளிச்சம்.
மறதியை அளந்து
எங்கள் இயந்திரம் பார்த்தது.

அரை நொடிக்கு ஒருமுறை, பதினாறு முறை.
எட்டு நொடிக்கு ஒரு படம்.
அறுபத்துநான்கு வரிசை, வரிசைக்கு அறுபத்துநான்கு எண்.
கும்மிருட்டு பூச்சியம்,
கண்கூசும் வெளிச்சம் பதினைந்து.

கைக்கு, கீழவாசல் பழைய இரும்புக் கடையில்
எடைக்கு வாங்கிய வைப்பர் மோட்டார்,
எந்தச் சோழன் பேருந்தில் மழை துடைத்ததோ.
சைக்கிள் செயின். விரலுக்கு இடுக்கி.
மேசையில் ஒரு மரக்கட்டை.
எடு என்றோம்.
நாற்பது நிமிடம் கணக்குப் போட்டது.
டீ குடித்துவிட்டு வந்தால் கரண்ட் போயிருந்தது.
மறுபடி எடு என்றோம்.
மூன்றாம் நாள் சாயங்காலம் கை இறங்கி
கட்டைக்குப் பக்கத்தில் கிடந்த நிழலை
இறுக்கிப் பிடித்தது, தூக்கியது,
பத்திரமாகப் பெட்டியில் வைத்தது.
பணி முடிந்தது என்று அச்சடித்தது.

நைனா சிரிக்கவில்லை.
"கறுப்பா இருந்தா பொருள்னு
நாமதானே சொல்லிக் குடுத்தோம்."

நிழல் விழாத இடம் வேண்டும்.
ஐப்பசியில், மூட்டம் போட்ட காலையில்,
கார் பேட்டரியும் குடையுமாக
அம்மாப்பேட்டை தாண்டி ஒரு வரப்பில் இறங்கினோம்.
சம்பா நடவு. பத்தொன்பது பெண்கள்
குனிந்தபடி பின்னோக்கி நகர்ந்தார்கள்.
வானம் பன்னிரண்டு, வயல் தண்ணீரும் பன்னிரண்டு.

"போட்டோவா?" என்றார் காசாம்பு.
"இல்லக்கா, நம்பரு. எத்தன பேருன்னு
மிசினே எண்ணிச் சொல்லும்."
"நல்லதாப் போச்சு. கங்காணி எண்ணுனா
எப்பவும் ஒண்ணு ரெண்டு கொறையுது.
வந்து சொல்லிட்டுப் போங்க."

கேசட்டில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம்.
விதி எளிது, எழுதியது நான்:
பக்கத்து எண்ணோடு வித்தியாசம் மூன்று இருந்தால் விளிம்பு.
அதற்குக் கீழே எல்லாம் இரைச்சல், தள்ளு.
இரவு முழுக்க ஓடி, விடியலில் ஒரே வரி.
ஆட்கள்: இரண்டு.

ஒருவர், மொட்டைப் பனை.
இன்னொருவர், ஒற்றைக் காலில் நின்ற வெள்ளைக் கொக்கு.
எட்டு நொடி அசையாதவர்கள் அவ்வளவுதான்.

சொல்லப் போனோம், சொன்ன சொல்லுக்காக.
அடுத்த பங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள்.
காசாம்பு நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து,
வரப்பெல்லாம் கேட்கும்படி கத்தினார்:
"கொக்குக்குக் கூலி குடுத்தாச்சான்னு கேளுங்கடி!"
சிரிப்பு மடை வரைக்கும் போனது.
நைனாவும் சிரித்தான், அந்த வருடத்தில் முதல்முறை.

என் ஆய்வேட்டின் எழுபத்தோராம் பக்கத்தில்
ஒரு வாக்கியம் உண்டு:
நகரும் பொருட்கள் இவ்வாய்வின் வரம்புக்கு உட்பட்டவை அல்ல.
வழிகாட்டி திருத்தாமல் விட்ட
ஒரே வாக்கியம் அது.

அச்சுத்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.
ஓரத் துளைப்பட்டிகூடக் கிழிக்கவில்லை.
பனைக்கு இரண்டு, கொக்குக்குப் பதினைந்து,
நடுவே பன்னிரண்டு பன்னிரண்டு என்று பரந்த தண்ணீரில்
அங்கங்கே ஒரு பதினொன்று,
பக்கத்தில் ஒரு பத்து,
மறுபடி பதினொன்று.

இரைச்சல்.

நேற்று இரவு பென்சிலால்
ஒவ்வொன்றாக வட்டமிட்டுப் பார்த்தேன்.
பதினான்குக்கு மேல் வரவில்லை.
கங்காணியைவிட மோசம்.