அது ஒரு கேள்வி கேட்கும்

ரை ரொட்டி ஒன்று.
அலமாரியிலிருந்து நானே எடுத்தேன்,
நானே பையில் போட்டேன்.
கல்லாப் பெண் திரையை என் பக்கம் திருப்பினாள்:
"அது உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்கும்."

அவள் கேட்கவில்லையாம்.
அதுதான் கேட்குமாம்.

பதினெட்டு. இருபத்திரண்டு. இருபத்தைந்து.
ஒவ்வொன்றும் கதவு அகலப் பொத்தான்.
அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில்:
டிப்ஸ் வேண்டாம்.

பன்னிரண்டாம் தெரு டைனரில்
பத்தொன்பது வருஷமாகத் தட்டு சுமக்கிறேன்.
சட்டையில் பெர்னடின் என்று குத்தியிருக்கும்.
முதலாளி தருவது மணிக்கு
இரண்டு டாலர் எண்பத்து மூன்று சென்ட்.
மீதியைத் தருவது
வருகிறவர்களின் மனநிலை.

காட்டுக்குப் போய் மான் கிடைத்தவன் நன்றாகத் தருவான்.
கிடைக்காதவன் அதைவிட நன்றாகத் தருவான்.
ஞாயிறு தேவாலயம் முடிந்து வரும் பன்னிரண்டு பேர்
இருபது டாலர் தாளின் நுனி தெரிய
கோப்பைக்கடியில் செருகிவிட்டுப் போவார்கள்.
பிரித்தால் உள்ளே பணமில்லை,
வசனம்:
இதைவிடப் பெரிய செல்வம் உனக்குண்டு.
எரிவாயுக் கம்பெனி அதை வாங்கிக்கொள்ளவில்லை.

ஆனாலும் கோப்பைக்கடியில் வைப்பதில் ஒரு நாகரிகம் இருந்தது.
அவர்கள் கார் தெருமுனை திரும்பிய பிறகுதான்
எனக்கு என் விலை தெரியும்.
அந்த அரை நிமிஷம்
இரண்டு பக்கத்து மானத்தையும் காத்தது.

போன வருஷம் முதலாளி மகன் எலியாஸ்
உள்ளங்கை அளவு இயந்திரம் வாங்கினான்.
இப்போது நான் பக்கத்திலேயே நிற்க வேண்டும்,
அவர்கள் விரல் பொத்தானைத் தேடும்வரை.
எங்கே பார்ப்பது?
கண்ணாடிப் பெட்டியைப் பார்ப்பேன்,
எலுமிச்சைப் பை எத்தனை துண்டு பாக்கி என்று எண்ணுவேன்.
ஆறு. ஐந்து. மறுபடி ஆறு.

பொய் சொல்வானேன்,
மூன்று மாசம் வருமானம் கூடியது.
பிறகு ஊர் முழுக்க அதே கேள்வி.
கார் கழுவுகிற இடத்தில்.
பூக்கடையில், இறந்தவருக்கு மாலை வாங்கும்போது.
பஃபலோ விமான நிலையத்தில்
ஆளே இல்லாத குளிர்பெட்டி,
தண்ணீர் பாட்டிலை நான் எடுக்க
இருபது சதவீதம் கேட்டது.
யாருக்கு? உள்ளே எரியும் பல்புக்கா?
வழியெல்லாம் கொடுத்துக் கொடுத்து
என் மேசைக்கு வந்து சேர்வதற்குள்
மனிதர்கள் காலியாகியிருந்தார்கள்.
காலியானவனைக் கோபிக்க முடியாது.
கோபித்தேன்.

சரி, ரொட்டிக் கடை.
இங்கே மணிக்குப் பதினைந்தரை டாலர் சம்பளம்,
ஆள் தேவை என்று ஜன்னலிலேயே ஒட்டியிருக்கிறது.
எனக்கு அது தெரியும்.
என் கட்டைவிரலுக்குத் தெரியவில்லை,
அந்தரத்தில் நின்றது.
பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார்.
பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் ஓடியது.

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை.
ரொட்டி வெட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
உதடு லேசாக அசைந்தது.
எண்ணிக்கொண்டிருந்தாள்,
அதன் பற்களையோ என்னவோ.

எறும்பெழுத்தைத் தொட்டேன்.

"நல்லா இருக்கட்டும் உங்க நாள்" என்றாள்,
தேன் தடவிய குரலில்.
எனக்கு அந்தக் குரல் தெரியும்.
பதினாறாம் மேசைக்காக
நான் தனியே எடுத்து வைத்திருப்பது அது.

காரில் ஏறினேன்.
கியர் பக்கத்துக் குவளையில் கால் டாலர்கள்,
நேற்றைய என் மேசைகளிலிருந்து வந்தவை.
ஏரிக்காற்று கண்ணாடியில் பனியை அப்பிக்கொண்டே இருந்தது.
கடைக்கும் எனக்கும் நடுவே பன்னிரண்டு அடி.
என்ஜின் சூடாகும்வரை உட்கார்ந்திருந்தேன்.
பிறகும் கொஞ்ச நேரம்.

ரொட்டியின் நுனியைப் பிய்த்து வாயில் போட்டேன்.
இன்னும் சூடாகத்தான் இருந்தது, சனியன்,
நன்றாகவும் இருந்தது.