முழுப்பேர்

சங்கிலி பிடிப்பது என் வேலை.
இப்போது சங்கிலி கிடையாது, மூன்றுகால் கருவிதான்;
ஆனாலும் சம்பளச் சீட்டில் நான் இன்னும் சங்கிலிக்காரன்.
விஜேகோன் மாத்தயா கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்து
மேலிருந்து கேட்பார்:
"அங்கே என்ன இருக்கு?"
நான் கத்துவேன்: "கான்." "பாறை." "சவுக்கு, ரெண்டு."
நான் கத்துவதுதான் வரைபடத்தில் ஏறும்.

ஊசிமலை மேற்பிரிவு, பதினோராம் நம்பர் மலைக்குப் பின்னால்,
ஹப்புத்தளைக் காற்று திரும்பிப் போகும் வளைவில்
ஏழு கல்லறை. துரைமார்.
சிறகு உடைந்த தேவதை ஒன்று,
காலராவில் போன ஆல்டிங்டன் துரை, வயது இருபத்தாறு,
அவருடைய நாய்க்கும் ஒரு சின்னக் கல்.
அவற்றைக் கம்பெனி வைத்துக்கொள்ளும்.
சுற்றிப் புல்தரை, விளக்கு,
ஹோட்டலுக்கு வருகிறவர்கள் கோப்பையோடு நின்று
வாசிக்க ஒரு பலகை.

அதற்குக் கீழே சரிவு. நீச்சல் குளம் அங்கே.

"அங்கே என்ன இருக்கு?"

மானாப்புல் இடுப்புவரை நின்றது.
என் தங்கச்சி அங்கே இருக்கிறாள்.
பேர் வைக்குமுன் போனவள்.
கொழுந்துச் சாக்கில் சுற்றி அப்பா தூக்கிப் போனார்,
மறுநாள் ஆறு மணிக்குப் பிரட்டில் நின்றார்.

"என்ன, சத்தம் வரல்ல?"
"பற்றை, சேர்" என்றேன்.

பென்சிலால்தான் எழுதினார்.
எனக்கு அன்று பகல் சோறு இறங்கவில்லை.

என் மச்சான் ஹோட்டலில் காவல் வேலைக்கு
எழுதிக் கொடுத்திருக்கிறான்.
லயத்துக் கூரை ஒழுகுகிறது, அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

செம்பகவல்லிதான் பிரதேச செயலகத்துக்குப் போனாள்,
ஒரு நாள் சம்பளத்தை விட்டு.
"கல் இருக்கா? பதிவு இருக்கா? ஆதாரம் எங்கே?"
"ஆதாரம் படுத்திருக்கு," என்றாளாம். "எழுப்பவா?"

ஞாயிற்றுக்கிழமை இருபது பெண்கள் மட்டக்கம்போடு வந்தார்கள்.
கொழுந்து மட்டம் பார்க்கிற அதே கம்பு.
செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள்;
கால் அமிழும் இடத்தில் நின்றார்கள்.
"இது எங்க பாட்டன்."
"போடி, அது கங்காணி மகள், பாம்பு கடிச்சது."
ஒரு குழிக்கு மூன்று குடும்பம் சண்டை போட்டது.
அந்தோணியம்மா இரண்டு மேட்டுக்கு நடுவில் உட்கார்ந்து
எது தன் புருஷன் என்று தெரியாமல்
இரண்டுக்கும் கம்பு நட்டாள்.

கம்பு தீர்ந்தது. குடைக்கம்பி. கவ்வாத்துக் கத்தி.
யாரோ ஒரு அகப்பை.

நான் அளவு நாடாவோடு போனேன்.
யாரும் கூப்பிடவில்லை, யாரும் விரட்டவுமில்லை.
நான் தூரம் சொல்ல, கிளாக்கர் மகள் கொப்பியில் எழுதினாள்.
இருநூற்றுப் பதினாறு.

கிலோ குறைந்தால் இங்கே அரைப்பேர்.
மழையில் ஓடி வந்தால் அரைப்பேர்.
சரிவில் கிடப்பவர்கள் அரைப்பேராகவே கூட்டிச் சேர்த்து
ஒரு மலையைத் தேயிலையாக்கியவர்கள்.
"இன்னிக்கு எல்லாருக்கும் முழுப்பேர் போடு" என்றாள் செம்பகவல்லி,
கொப்பியைப் பார்க்காமலே.

சவுக்குக்கு இடப்பக்கம் வந்ததும் நாடா நின்றது.
"இது யாரு?"
நான் வாய் திறக்கவில்லை.
அவள் என் முகத்தைப் பார்த்தாள்.
"சங்கிலிக்காரன் தங்கச்சி. முழுப்பேர். எழுது."

வழக்கு நான்கு தவணை தள்ளிப்போயிருக்கிறது.
மண்வெட்டி இயந்திரம் வளைவில் நிற்கிறது,
அதன் வாளியில் மழைத்தண்ணீர், தலைப்பிரட்டைகள்.
நேற்று நீதிமன்ற உத்தரவில் மறு அளவை.
மாத்தயா அதே இடத்தில் மூன்று காலை ஊன்றினார்.

"அங்கே என்ன இருக்கு?"

கத்தத் தொடங்கினேன்.
பனிமூட்டம் ஏறும்வரை கத்தினேன்.
இரண்டு முறை
பென்சில் சீவுவதற்காக அவர் என்னை நிறுத்தச் சொன்னார்.