சார்ஜர் அவன் பங்கு

ட்ரில் என் பங்கு,
சார்ஜர் அவன் பங்கு.
கெமியார்வி வக்கீலம்மா தட்டச்சு செய்த பட்டியலில்
படகு, பனிவண்டி, சமையலறை நாற்காலி வரை
ஒழுங்காகத்தான் பிரிந்திருந்தன.
இது மட்டும்
உடலை ஒருத்திக்கும் உயிரை ஒருத்தனுக்கும்
எழுதிவைத்த மாதிரி ஆகிவிட்டது.

மஞ்சள் ட்ரில்.
எங்கள் பக்கத்துத் தச்சர்களிடம்
கோவிலா கட்சியா என்று யாரும் கேட்பதில்லை,
நிறம் என்ன என்றுதான் கேட்பார்கள்.
காபி நேரத்தில் சிவப்புக்காரர்கள் ஒரு மேசை,
நீலக்காரர்கள் ஒரு மேசை.
பச்சை வைத்திருப்பவனை
ஞாயிற்றுக்கிழமைக்காரன் என்று சொல்லிச் சிரிப்பார்கள்,
அவன் கூரை மட்டும் ஒழுகாது.

ஒரு நிறத்தின் பேட்டரி
இன்னொரு நிறத்தில் ஏறாது.
உள்ளே நகக்கண் அளவில் ஒரு பிளாஸ்டிக் பல்,
அவ்வளவுதான் தடை.
அந்தப் பல்லுக்குக் கட்டுப்பட்டுப்
பதினான்கு வருடம் மஞ்சளே வாங்கினோம்.
ட்ரில்லுக்குப் பின்னால் ரம்பம்,
ரம்பத்துக்குப் பின்னால் இலை ஊதி,
அப்புறம் யாரும் கேட்காத ஒரு ரேடியோ.
"இவ்வளவு வாங்கியாச்சு, இனி எப்படி மாறுறது"
என்பான் தைஸ்தோ.
கருவிகளைத்தான் சொல்கிறான்
என்று நினைத்திருந்தேன்.

இதன் குணம் எனக்கு அத்துப்படி.
விசையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து அழுத்தணும்,
நேராக அழுத்தினால் காது கேட்காதது போல இருக்கும்.
பதினொன்றில் வைத்தால் ஏழுக்குத்தான் உழைக்கும்.
மூன்று விளக்கும் எரியும், எரியும்,
கடைசித் திருகு பாதி இறங்கும்போது
ஒன்றுமே எரியாது.
இருக்கு இருக்கு என்று சொல்லியபடியே
இல்லாமல் போகிற ஜாதி.

ஒரு நவம்பரில்
சவுனா கூரையிலிருந்து வழுக்கிப் பனிக்குள் விழுந்தது.
மண்வாரியால் தேடினோம்.
பக்கத்து வீட்டு நாயை விட்டுத் தேடினோம்.
மே மாதம்
திராட்சைப் புதரடியில் குப்புறக் கிடந்தது.
வேறு பேட்டரி மாட்டி, இடப்பக்கம் சாய்த்து அழுத்தினேன்.
மூக்கில் ஒட்டியிருந்த சேற்றை
என் முகத்தில் அடித்துவிட்டுச் சுற்றியது.

மைனஸ் இருபத்தேழில்
நான்கு துளைக்கு மேல் பேட்டரி தாங்காது.
ஒன்று மாட்டியிருக்கும்போது
இன்னொன்றைச் சட்டைக்குள் வைத்து
அடைகாப்பேன்.

வியாழன் மாலை ஆறு மணி, பெட்ரோல் பங்க்.
காலியானவை இரண்டை நான் தருவேன்,
நிரம்பியவை இரண்டை அவன் தருவான்.
"ஏறியிருக்கா?"
"மூணு விளக்கு."
"அது எப்பவும் அப்படித்தான் சொல்லும்."
அப்புறம் ஆளுக்கொரு காபி.
கல்லாவிலிருக்கும் இர்மெலி ஒருநாள் கேட்டாள்,
புது சார்ஜர் எழுபது யூரோதானே?
விலை கட்டுப்படியாகாது என்றேன்.
காபிக்கு அதற்குள் நூறு தாண்டியிருந்தது.

பிப்ரவரியில் ஒரு வியாழன்
அவன் வேனின் முன்சீட்டில்
சிவப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
"கம்பெனி கொடுத்தது," என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"இழுவை ஜாஸ்தி."
சார்ஜரைக் காகிதப் பையில் போட்டு நீட்டினான்.
அன்று காபி குடிக்கவில்லை,
அவனுக்கு ரோவனியேமி வரை போகணுமாம்.

வீட்டில் சொருகினேன்.
விளக்கு வரவில்லை.
பிளக்கை மாற்றினேன், ஊதினேன், தட்டினேன்,
பத்து மணி வரைக்கும் திட்டினேன்.
பைக்குள் நாலாக மடித்த அட்டை ஒன்று இருந்தது,
குப்பை என்று எறிந்திருந்தேன்.
போய் வாளியைக் கிளறினேன்.
பங்கின் காபிக் கோப்பை உறை.
மடிப்பில் ஒரு பக்கம் மட்டும் நசுங்கிய தடம்.
சார்ஜரின் இடது காலுக்குக் கீழே கொடுத்தேன்.

பச்சை.

சாய்ந்து நின்றால்தான் வேலை செய்யும் என்று
அவனும் சொன்னதில்லை.
நானும் ட்ரில்லைப் பற்றி
அவனிடம் சொன்ன ஞாபகமில்லை.

காலையில் மூன்று விளக்கு.
நம்பவில்லை.
இரண்டையும் சட்டைக்குள் போட்டுக்கொண்டு
கிளம்பினேன்.
இன்று வெள்ளி.