காலி எடை

வேலந்தாவளம் சாவடிக்கு இந்தப் பக்கம்
நாற்பது டன் தாங்கும் இரும்பு மேடை.
அதை ஒட்டி எட்டுக்கு எட்டில் ஒரு தகரக் கொட்டகை,
உள்ளே நானும் ஒரு கம்ப்யூட்டரும்.

இரண்டு வருடமாகத் திரையின் வலது மூலையில்
அது சொல்லிக்கொண்டே இருந்தது:
இந்தப் பிரதி அசல் அல்ல.
டீ குடிக்கும்போது சொல்லும்.
சம்பளத்தை எண்ணும்போது சொல்லும்.
ஒரு விடியற்காலை
என்னைத்தான் சொல்கிறதோ என்று
கைக்கண்ணாடியில் முகம் பார்த்தேன்.

ஆனி பிறந்ததும் அடியோடு நின்றுபோனது.
கோயம்புத்தூரிலிருந்து வந்தவன்
பெட்டியைத் திறக்காமலே விலை சொன்னான்.
விண்டோசுக்கு இவ்வளவு,
எடை போடும் புரோகிராமுக்கு இவ்வளவு,
இரண்டும் ஒன்றோடொன்று பேச இவ்வளவு.
பதினெட்டாயிரம்.
"கட்ட முடியாது" என்றார் பட்டீஸ்வரன் அண்ணன்.
மேடையும் அவருடையது,
எதிரே இருக்கிற தேங்காய் மண்டியும் அவருடையது.

ஒன்பது நாள் கையால் எழுதினேன்.
பத்தாம் நாள்
ஆக்சில் உடைந்து ஒரு தீவன லாரி வாசலில் படுத்தது.
அதன் கிளீனர் ஷிபின், பாலக்காட்டுச் சித்தூர்.
பொழுது போகாமல் உள்ளே எட்டிப் பார்த்தான்.
"பத்தாம் கிளாஸ் வரைக்கும் எனக்கு லினக்ஸ்தான் சேச்சி,
மற்றது தொட்டதே இல்ல."
சாவிக்கொத்தில் பென்டிரைவ் தொங்கியது.

எவ்வளவு கட்டணும் என்றேன்.
"ஒண்ணும் கட்டண்டா."
சும்மா வருவது என்றாலே எனக்குப் பயம்.
சும்மா வந்த மிக்சி மூன்றாம் மாதம் புகைந்தது.

திரையில் தமிழ் வந்தது.
கட்டற்ற மென்பொருள் என்று ஒரு வரி.
கன்றைக் கட்டுவதும் வட்டி கட்டுவதும்
நமக்கு ஒரே சொல்தானே என்று
அன்றைக்குத்தான் தோன்றியது.

பிரிண்டர் மட்டும் முரண்டு பிடித்தது.
ராத்திரி இரண்டு மணி வரை
கட்டம் கட்டமாகக் கக்கியது,
ஒரு ரசீதில் வருடம் 1970.
ஷிபின் மலையாளத்தில் திட்டினான், நான் தமிழில்.
எந்தப் பேச்சுக்கு மசிந்ததோ தெரியாது.

எடை போட அவன் எழுதியது முப்பத்து நான்கு வரி.
திறந்தே கிடந்தது.
அவன் போன பிறகு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன்.
பாரத்தோடு வண்டி. காலி வண்டி.
கழி. அச்சடி.
அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

முதல் வண்டி ஒழலப்பதி ஆறுச்சாமியின் டிராக்டர்.
மூவாயிரத்து இருநூற்று அறுபது.
ரசீதை இரண்டு தரம் பார்த்தார்,
மடித்து, பிரித்து, மறுபடி பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
எப்போதும் ஏதாவது சொல்வார்.

மத்தியானம் அண்ணன் வந்தார்.
கதவைச் சாத்திவிட்டு,
வேட்டியில் கறை இருக்கா என்று கேட்கிற குரலில்
கேட்டார்: "அந்த இருபது கிலோ எங்க?"

எந்த இருபது?

"வண்டிக்கு இருபது தானாக் குறையுமே.
பழைய புரோகிராம்ல வெச்சிருந்துதே."

ஏழு வருடம்
அந்தப் பட்டனை அழுத்தியது என் விரல்.
எடை கம்மியா வருதே என்று நின்றவர்களிடம்
மெஷின் பொய் சொல்லாதுங்க என்று சொன்னது
என் வாய்.

"இதுலயும் எழுதிடு."
"எழுதலாங்க. முப்பத்தஞ்சாவது வரி.
ஆனா எழுதினா தெரியும்."
"யாருக்கு?" என்றார்.

நல்ல கேள்விதான்.
சந்துவாயில் ஹாரன் அடித்தது.
பாலக்காட்டுக் காற்று ஏறி மிதித்து
வெறும் மேடை பத்துக் கிலோ காட்டியது.
அதைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன்.
அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்,
திரையைப் பார்த்தபடி,
படிக்கத் தெரிந்தவர் போல.