ஏழாவது கட்டம்

சிராங்கூன் சாலைக் கோவில் அலுவலகத்தில்
குளிர்சாதனம் என் பிடரியில் ஊதிக்கொண்டிருந்தது.
திருமண விண்ணப்பம், மூன்று பக்கம்.
ஆறு கட்டம்வரை தடையில்லை:
பெயர், அடையாள அட்டை எண், புளோக், மாடி,
மண்டபத்துக்கு முன்பணம்.
ஏழாவதில் பேனா நின்றுவிட்டது.

கோத்திரம்.

"தெரியாட்டி சிவ கோத்திரம்னு போடுங்க,
எல்லாரும் அப்படித்தான்" என்றார் எழுத்தர்,
முகவரியில்லாக் கடிதங்களுக்கு
ஒரு பொதுப் பெட்டி வைத்திருப்பதுபோல.

எட்டாவது: மூன்று தலைமுறை, ஆண்வழி.
என் அப்பா இருளப்பன்.
செம்பவாங் கப்பல்தளத்தில் பெயின்ட் சுரண்டியவர்.
அவருக்கு அப்பா சடையன்.
கடல் தாண்டினால் சாதி கெடும் என்றார்களாம்.
கெடட்டும் என்றுதான் ஏறியிருப்பார்.
அது அவருக்கு முன்னால் இறங்கி
நகராட்சி மலவாளியாகி
துறைமுகத்தில் காத்து நின்றது.

குருக்கள் வந்தார். நல்ல மனிதர்.
"பெண்ணோட தகப்பனார்?"
"ஜொகூரில் இருக்கார்."
"அப்ப வரலாமே, பாலம்தானே."
"பதினேழு வருஷமா பாலம் அங்கேயேதான் இருக்கு."

தாரை வார்க்கத் தம்பதி வேண்டுமாம்.
மனைவி இல்லாதவன் என்றால்
இடுப்பில் ஒரு தர்ப்பையைச் செருகி
அதையே மனைவி என்று உட்கார்த்திவிடலாமாம்.
"புருஷன் இல்லாதவளுக்கு?"
குருக்கள் மின்விசிறியைப் பார்த்தார்.
அந்தப் புல் எந்த ஆற்றங்கரையிலும்
முளைக்கவில்லை போலிருக்கிறது.

அன்றிரவு ஈசூன் வீட்டில்
துணி மடித்துக்கொண்டிருந்தோம்.
நிரஞ்சனி கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் படித்தாள்:
"கோத்திரம்னா மொதல்ல மாட்டுத் தொழுவம்மா.
ரிஷியெல்லாம் அப்புறமாத்தான்."

மடித்த சட்டையையே மறுபடி மடித்தேன்.
மாடுகளை எண்ணி முடித்த ஒருவன்
அதே விரலால்
மகள்களை எண்ணத் தொடங்கிய சாயங்காலம்
எங்கோ இருந்திருக்கும்.
இந்தத் தொழுவத்தில் அவிழ்த்து
அந்தத் தொழுவத்தில் கட்டு.
சாணி அள்ளியவனை
வேலிக்கு வெளியே நிறுத்தியதும்
அன்றைக்கேவா, மறுநாள் காலையிலா?

நான் பிறந்தது கண்டாங் கெர்பாவில்.
மலாயில் அதற்கு எருமைத் தொழுவம் என்று பொருள்.
பழைய கட்டடம், கட்டிலுக்கு இரண்டு தாய்.
அம்மாவுக்குப் பால் சுரக்காத நாள்களில்
என்னை மடியில் எடுத்துக்கொண்டவள்
உடன்கட்டில் ரொஹானி.
அவர்கள் முறையில்
அவள் மகன் எனக்கு உடன்பிறப்பு,
கட்டிக்கொள்ளக் கூடாதவன்.
ஒரே தொழுவம்.
உள்ளுக்குள் மணம் கிடையாது.
கோத்திரத்துக்கு வேறென்ன வேண்டும்?

"என்னைய எங்கம்மா பெத்த?"
"அங்கேயேதான்."

ஏழாவது கட்டம் நிரம்பியது.
எட்டாவதில், ஆண்வழி என்று அச்சடித்திருந்ததற்குக் கீழே
என் பெயரை எழுதினேன்.
அடுத்து இருளப்பன். அடுத்து சடையன்.
மூன்றோடு முடிந்தது நல்லதாயிற்று.
சடையனைப் பெற்றவன் பெயர்
எனக்குத் தெரியாது.
'டேய்' என்றே கூப்பிட்டுத் தேய்த்திருப்பார்கள்.

முகூர்த்தத்தில் குருக்கள்
"கண்டாங்கெர்பாவ கோத்ரோத்பவாம்" என்றார்.
ஒரு நொடி தொண்டை தடுக்கியது,
பிறகு வடமொழிக்கு வாகாக வளைந்துவிட்டது.
சம்பந்தியம்மா என் பக்கம் சாய்ந்தார்:
"வடக்கத்தி ரிஷிங்களா?"
"தேக்காப் பக்கம்" என்றேன்.

பெயர்களுக்குப் பின்னால் வால் ஒன்று ஒட்டவேண்டுமாம்,
நாலு வரிசைக்கு நாலு வால்.
சடையன் வரிசைக்கே வெளியே நின்றவர்.
"வாலில்லாமலே படிங்க சாமி."
படித்தார்.

என் சேலைச் செருகலில் ஒரு புல் இருந்தது.
புளோக் பின்புறம், புல்வெட்டும் இயந்திரம் வருமுன்
விடியலில் பறித்தது. தர்ப்பை அல்ல.
குருக்கள் பார்த்தார்.
பார்க்காதவர்போல் செம்பை என்னிடம் நீட்டினார்.

தண்ணீர் என் விரல்வழி
அவள் விரலுக்கு இறங்கியது.
கொடுத்தேனா என்று கேட்டால் தெரியாது.
செவ்வாய்க்கிழமை வந்தாள்,
பாதி துணி மடித்தாள்,
மீதியை அப்படியே போட்டுவிட்டுப் போனாள்.